கள்ளியா, எச்செவேரியாவா, ஹவோர்த்தியாவா: வீட்டுக்குள் வளர்க்க எதை எடுப்பது?

வீட்டுக்குள் வைக்க ஒரு சக்குலன்ட், அதாவது இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடி, வாங்கலாம் என்று கிளம்புகிற பலரும் கடையில் எது கண்ணுக்கு அழகாகப் படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கே வைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வியெல்லாம் அதற்கப்புறம்தான் வருகிறது. இதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முதலில் உங்கள் ஜன்னலைப் பாருங்கள். அடுத்து, தண்ணீர் ஊற்றுவதில் உங்கள் கை எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். இந்த இரண்டுக்கும் எது ஒத்துவருமோ அதை எடுங்கள். கவனிப்பே வேண்டாம் என்று சொல்லி ஒரே மேசையில் பரப்பி வைத்திருக்கும் செடிகளுக்குள், உச்சி வெயிலில் நின்றால்தான் ஒழுங்காக வளரும் என்பதும் இருக்கிறது, அந்த வெயில் பட்டால் கருகிவிடும் என்பதும் இருக்கிறது.

முதலில் எது என்ன என்று பிரித்துக்கொள்வோம். கள்ளிக் குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றையும் சதைப்பற்றுச் செடிகளாகத்தான் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் சதைப்பற்றுள்ளதெல்லாம் அந்தக் குடும்பம் இல்லை. முள் கிளம்பும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே வெள்ளையாகவோ பழுப்பாகவோ ரோமம் அடர்ந்த ஒரு சின்னத் திட்டு இருந்து, அதிலிருந்து முட்கள் கொத்தாக வந்தால் அது அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த கள்ளிக் குடும்பம். அந்தத் திட்டு இல்லாமல், கிள்ளினால் பால் வடிந்தால் அது யூஃபோர்பியா. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இந்த வகைதான். அந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. குழந்தைகள் கை எட்டும் இடத்துக்கு யூஃபோர்பியா வேண்டாம், எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் சரி.

இப்போது வெளிச்சம். நம் கண்ணை நம்பக்கூடாத விஷயம் இது. நண்பகல் நேர்வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். ஜன்னலிலிருந்து சில அடி உள்ளே தள்ளி, நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிகிற இடத்தில் அளந்தால் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். கருவி எதுவும் வேண்டாம். பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, அதற்கு மேல் ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி ஓரம் வெட்டியது போன்ற நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, ஆனால் ஓரம் கலங்கியிருக்கிறது என்றால் நடுத்தரம். நிழலே சரியாக விழவில்லை என்றால் அந்த இடத்தில் இந்தச் செடிகள் எதுவும் வளராது, கொஞ்ச காலம் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

கூர்மையான நிழல் தினமும் 5, 6 மணி நேரமாவது விழுகிற ஜன்னல் இருந்தால் கள்ளி எடுக்கலாம். மம்மிலேரியா, ரெபூஷியா, ஜிம்னோகாலிசியம் மூன்றும் உருவத்தில் சின்னவை, ஜன்னல் திட்டிலேயே பூக்கும். இவற்றில் ஜிம்னோகாலிசியத்துக்குக் கொஞ்சம் குறைந்த வெயில் போதும், அதனால் முதல் கள்ளியாக அதைத்தான் சொல்வேன். பூ வேண்டும் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குளிர்காலம் உள்ள ஊர்களில் இந்த வகைகள் பலவும் அந்த மாதங்களைக் குளிர்ச்சியாகவும் காய்ந்த மண்ணிலும் ஓய்வில் கழித்தால்தான் வசந்தத்தில் நன்றாகப் பூக்கும். வருடம் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும் அறையில் வைத்து, ஒரே மாதிரி தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தால் பச்சை உருண்டையாகவே இருந்துவிடும். முயல்காது போல இரட்டை இரட்டையாக வரும் ஒபுன்ஷியாவை மட்டும் யோசித்து வாங்குங்கள். அதில் பெரிய முள் இல்லை என்று தைரியமாகத் தொடுவார்கள். அதன் மேல் வரிசையாகத் தெரியும் புள்ளிகளில் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, கொக்கி வைத்த மெல்லிய முட்கள். தொட்டால் நூற்றுக்கணக்கில் விரலில் ஏறிவிடும், அப்புறம் ஒட்டும் டேப்பை வைத்து உரித்து உரித்து எடுக்க வேண்டியதுதான்.

எச்செவேரியாதான் கடையில் எல்லோரையும் இழுக்கிறது. ரோஜா இதழ் அடுக்கு, ஓரத்தில் சிவப்பு, மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூச்சு. எனக்கும் ரொம்பப் பிடித்த செடிதான், ஆனால் வீட்டுக்குள் வளர்க்க இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். இதற்கு வேண்டிய வெளிச்சம் சாதாரண அறையில் கிடைக்காது. வாங்கி வந்த சில வாரங்களிலேயே கீழ் இலைகள் கீழ்நோக்கி வளையும், நடுவில் தண்டு நீளும், ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இலைகளுக்கு இடையில் இடைவெளி விழும், சிவப்பு போய் வெளிறிய பச்சை வரும். "அட, நல்லா வளருதே" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடி நீள்வது. நீண்டது திரும்பச் சுருங்காது. மேல் கொத்தை வெட்டி மறுபடி வேர்பிடிக்க வைப்பதுதான் ஒரே வழி, அதே இடத்தில் வைத்தால் அதுவும் நீளும். மேலே இருக்கும் அந்தச் சாம்பல் பூச்சு வெயிலிலிருந்து இலையைக் காக்கும் மெழுகு, விரல் பட்டு அழிந்தால் அந்த இடத்தில் திரும்ப வராது. ஆகவே பால்கனியோ மொட்டை மாடியோ இருந்தால் எச்செவேரியா, வெறும் அறை என்றால் வேண்டாம்.

கலங்கிய நிழல் விழுகிற ஜன்னல்தான் பெரும்பாலான வீடுகளில் இருப்பது, அதற்கு ஹவோர்த்தியாவும் காஸ்டீரியாவும். இரண்டும் தென்னாப்பிரிக்காப் பகுதியின் செடிகள், புதர்களுக்கு அடியிலும் பாறை இடுக்கிலும் வளர்பவை, அதனால் வடிகட்டிய வெளிச்சமே பழக்கம். சில ஹவோர்த்தியாக்களின் இலை நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். காட்டில் அந்தச் செடி நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மண்ணுக்குள் புதைந்திருக்கும், அந்தக் கண்ணாடி நுனி வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே இறங்கி இலையின் உட்புறப் பச்சைக்குப் போகிறது. இவ்வளவு நுணுக்கமான செடி உள்ளங்கை அளவு தொட்டியில், மேசை ஓரத்தில், வருடக்கணக்கில் இருக்கும். ஒரே ஒரு செடிதான் வாங்கப்போகிறேன், எதை வாங்கட்டும் என்று கேட்டால் என் பதில் ஹவோர்த்தியா. பூ பெரிதாக ஒன்றும் இருக்காது, இலைக்காக வளர்க்கிற செடி இது.

நிழல் இன்னும் மங்கல் என்றால், வாள் மாதிரி நிமிர்ந்த இலை உள்ள ஸ்னேக் பிளான்ட். மங்கலான இடத்தில் அதுவும் மெதுவாகத்தான் வளரும், ஆனால் உருக்குலையாது. ஜேட் பிளான்ட் என்கிற கிராசுலா நல்ல வெளிச்சம் கேட்கும், கிடைத்தால் சின்ன மரமாகவே ஆகிவிடும். ஸ்க்லம்பெர்கெரா என்ற கிறிஸ்துமஸ் கள்ளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பெயரில் கள்ளி இருக்கிறதே என்று பாலைவனச் செடி மாதிரி காயப்போட வேண்டாம். அது பிரேசில் கடலோர மழைக்காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வளர்வது. நேர்வெயில் ஆகாது, மண் முழுசாகக் காய்ந்து நாள்கணக்கில் கிடக்கவும் கூடாது.

ஜன்னல் சரியில்லை, ஆனால் மனசு கள்ளியிலேயே இருக்கிறது என்றால் எல்.இ.டி. விளக்கு இருக்கிறது. ஊதா வெளிச்சம் அடிக்கிற விளக்கு வேண்டியதில்லை, நல்ல வெள்ளை எல்.இ.டி. போதும், பார்க்கவும் இதமாக இருக்கும். தூரம்தான் முக்கியம். விளக்கைத் தள்ளி வைக்க வைக்க வெளிச்சம் வேகமாகக் குறையும், கூரையில் மாட்டிய விளக்கால் செடிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 15 முதல் 30 சென்டிமீட்டருக்குள் வைத்து, டைமர் போட்டு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள், ராத்திரி கட்டாயம் இருட்டு வேண்டும். இந்தச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேமித்துவைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்துச் சர்க்கரை செய்கிறவை. ஆனாலும் ஜன்னலா விளக்கா என்றால், நல்ல ஜன்னல் இருக்கிற வீட்டில் விளக்குக்குச் செலவு செய்ய வேண்டாம். சுமாரான ஜன்னலுக்கு ஏற்ற செடியை எடுப்பது விளக்கு வாங்குவதைவிடச் சுலபம்.

இதுவரை இருட்டில் நின்ற செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்துவிடாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இலை வெந்து, வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டு விழும், அந்தத் தழும்பு போகாது. ஒன்று இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் நேரத்தைக் கூட்டுங்கள்.

அடுத்தது தண்ணீர். வெளிச்சமும் தண்ணீரும் தனித்தனி விஷயம் இல்லை. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும், மண் காய்வதும் தாமதமாகும். வெயிலில் நின்றபோது சரியாக இருந்த அதே அளவு தண்ணீர், அறை மூலைக்கு நகர்த்தியதும் வேரை அழுகவைக்கும். "பத்து நாளைக்கு ஒருமுறை ஊற்றுங்கள்" என்று யாராவது சொன்னால் அது அவர்கள் வீட்டு வெயிலுக்கும் அவர்கள் தொட்டிக்கும் சரியான கணக்கு, உங்களுக்கு அது பொருந்தும் என்று எந்த உறுதியும் இல்லை.

தினம் ஒரு ஸ்பூன் ஊற்றுவது ஒரு முறை. முழுசாக நனைத்துவிட்டு முழுசாகக் காயவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பூன் தண்ணீர் மேல் மண்ணை மட்டும் நனைக்கும், அடியில் இருக்கிற வேர் காய்ந்து சுருங்கிப்போகும், மேலே தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருந்து அழுகத் தொடங்கும். முழுசாக நனைப்பது என்றால் தொட்டியின் அடித் துளையிலிருந்து தண்ணீர் ஒழுகி வரும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவது. இலைமேல் ஸ்பிரே அடிப்பதை விட்டுவிடுங்கள். வேருக்குப் போகாத ஈரத்தால் இந்தச் செடிக்கு லாபம் இல்லை, எச்செவேரியா மாதிரி அடுக்கு இலைக்கு நடுவில் தண்ணீர் நின்றால் அழுகலுக்கு வழி. தட்டில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுவது நல்ல முறைதான், குறிப்பாக இலை மண்ணை மூடிக்கொண்டிருக்கும் செடிகளுக்கு. ஆனால் அப்படி மட்டுமே செய்துகொண்டிருந்தால் தண்ணீரில் உள்ள உப்பு மேல் மண்ணில் படியும், நடுவில் சில தடவை மேலிருந்து ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

எப்போது ஊற்றுவது? தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதுதான் நான் நம்புகிற முறை. ஊற்றிய உடனே ஒருதரம் தூக்கி அந்தக் கனத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சில நாள் கழித்து மறுபடி தூக்குங்கள், காய்ந்த தொட்டி கையில் காலியாகத் தெரியும். பெரிய தொட்டி என்றால் ஒரு மரக்குச்சியை அடிவரை இறக்கி எடுத்துப் பார்க்கலாம். அப்புறம் இலை. கீழ் இலையை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தும்போது விறைப்பில்லாமல் வளைந்து கொடுத்து, தோலில் மெல்லிய சுருக்கம் இருந்தால் தாகம். அதே இலை மஞ்சளாகி, உள்ளே நீர் கோத்து, தொட்டதும் கழன்று விழுந்தால் தண்ணீர் அதிகம். சுருங்கின செடி தண்ணீர் ஊற்றிய சில நாளில் தேறிவிடும். அழுகின செடி பெரும்பாலும் தேறாது, நல்ல பகுதி ஏதாவது மிஞ்சியிருந்தால் வெட்டி எடுத்துப் புதிதாக வேர்விட வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

சும்மா இருக்க முடியாமல் தினம் ஊற்றத் துடிக்கிற கைக்கும், வாரக்கணக்கில் மறந்துவிடுகிற கைக்கும் ஒரே தொட்டி சரிப்படாது. ஊற்றுகிற கைக்கு மண்தொட்டி. அதன் சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும், தவறு செய்தாலும் கொஞ்சம் தாங்கும். மறக்கிற கைக்கு, அல்லது மிகவும் சூடான காய்ந்த காற்றுள்ள இடத்துக்கு, பிளாஸ்டிக் தொட்டி. ஈரம் கூடுதல் நாள் நிற்கும், கனம் இல்லாததால் தூக்கிப் பார்த்து ஈரம் கண்டுபிடிப்பதும் அதில்தான் சுலபம். பளபளக்கும் பீங்கான் தொட்டியும் ஈரத்தில் பிளாஸ்டிக் மாதிரிதான். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூப்பது உப்பு, பயப்பட ஒன்றுமில்லை. துளை இல்லாத கண்ணாடிக் குடுவையில் கள்ளியை நட்டு, வண்ணக்கல் போட்டு விற்கிறார்களே, அதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். எந்தக் கைக்கும் அது ஒத்துவராது.

துளை இல்லாவிட்டால் என்ன, அடியில் கூழாங்கல் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அது வேலைக்கு ஆகாது. ஈரமான ஸ்பாஞ்சைத் தூக்கிப் பிடித்தால் சொட்டி முடிந்த பிறகும் அதன் அடிப்பக்கம் மட்டும் நனைந்தே இருக்கும், மண்ணும் அப்படித்தான். கல் போட்டால் அந்த ஈரப் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் மேலே ஏறுகிறது. மண்ணின் துகள் பெரிதாக இருந்தால்தான் அந்த ஈரப் பகுதி சிறிதாகும், காற்று உள்ளே போகும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும், காற்று இல்லாமல் நாள்கணக்கில் நனைந்து கிடப்பதால்தான் அது அழுகுகிறது.

அதனால் கடையில் கிடைக்கும் கள்ளி மண்கலவையை அப்படியே போடுவதா, நாமே கலப்பதா என்றால், கலப்பதுதான். பாக்கெட்டில் வருவதில் நிறைய பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அல்லது தென்னைநார்த் தூள்தான் இருக்கும். பீட் முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக வழியவிடும், தென்னைநார் அந்த விஷயத்தில் பரவாயில்லை. ஒரு பங்கு பாக்கெட் கலவைக்கு ஒரு பங்கு பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைத் துகள்), ப்யூமிஸ் என்ற எரிமலைக் கல்லோ, 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவு சலித்த சின்னக் கல்லோ சேருங்கள். கள்ளிக்கும், வெளிச்சம் குறைந்த இடத்துக்கும் கல் இரண்டு பங்காகவே இருக்கட்டும். பொடி மணல் வேண்டாம், அது இருக்கிற இடைவெளியையும் அடைத்துவிடும். தொட்டி, வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும். உரம் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், வளர்கிற பருவத்தில் பாதி அளவாகக் கரைத்து ஒன்றிரண்டு தடவை போதும்.

ஒரு செடியைப் பலவாகப் பெருக்குவதில் அவரவர் பொறுமைக்கு ஏற்ற வழி இருக்கிறது. ஹவோர்த்தியாவும் கற்றாழையும் பக்கக்கன்று போடும், வேரோடு பிரித்து நட்டால் முடிந்தது, எல்லாவற்றிலும் சுலபம் இது. எச்செவேரியா, சீடம் மாதிரியானவை ஒற்றை இலையிலிருந்தே வரும், ஆனால் இலை அடிப்பாகத்தோடு முழுசாகக் கழன்றிருக்க வேண்டும், சில நாள் காய்ந்து வெட்டுவாய் மூட வேண்டும். கற்றாழை இலையை நட்டுவைத்துக் காத்திருக்காதீர்கள், அழுகத்தான் செய்யும். மஞ்சள் ஓரம் போட்ட ஸ்னேக் பிளான்டை இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் புதுச் செடியில் அந்த மஞ்சள் ஓரம் வராது, அது வேண்டும் என்றால் கிழங்கோடு பிரிக்க வேண்டும். விதையிலிருந்து கள்ளி வளர்ப்பது தனி ஆனந்தம், பூப்பதைப் பார்க்கச் சில வருடங்கள் காத்திருக்க முடிகிறவர்களுக்கு.

பூனை நாய் இருக்கிற வீட்டில் கலஞ்சோ, கற்றாழை, கிராசுலா, ஸ்னேக் பிளான்ட் எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், இவற்றைக் கடித்துத் தின்றால் அவற்றுக்கு ஆகாது. கலஞ்சோவில் இதயத்தைப் பாதிக்கும் பொருளே இருக்கிறது. ஹவோர்த்தியாவுக்கும் எச்செவேரியாவுக்கும் அந்தப் பயம் இல்லை. மேலே சிவப்பு, மஞ்சள் உருண்டை வைத்த நிலாக் கள்ளி ஒட்டுச்செடி. மேலே இருப்பதற்குப் பச்சையமே கிடையாது, கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் இரண்டுக்கும் சமைக்கிறது. சில வருடங்களில் இந்தக் கூட்டு முறிந்துவிடும், அது தெரிந்து வாங்கினால் தப்பில்லை. நீலம், ஊதா பெயின்ட் அடித்த கள்ளியும், தலையில் காகிதப் பூ ஒட்டிய கள்ளியும் வேண்டாம். பெயின்ட் வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறது.

வாங்கும்போது இலை இடுக்குகளைப் பாருங்கள், வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு தெரிந்தால் அது மாவுப்பூச்சி. தண்டின் அடியை லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேர் இல்லை. வீட்டில் ஏற்கெனவே செடிகள் இருந்தால் புதியதை ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள். மாவுப்பூச்சி ஒன்றிரண்டு தெரிந்தால், 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தொட்டு எடுத்துவிடலாம்.

கடைசியாக, வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றுவதா, கொஞ்ச நாள் விடுவதா? புது இடத்துக்குப் பழகட்டும் என்று விடச்சொல்பவர்கள் அதிகம். மண் நல்ல கல்கலவையாக இருந்தால், அல்லது செடி பூத்திருந்தால், விடலாம். ஆனால் தொட்டி முழுக்கக் களி மாதிரி ஈர பீட் இருந்தால் நான் காத்திருக்க மாட்டேன், உடனே உருவி, பழைய கலவையை விரலால் உதிர்த்து, வேரைப் பார்ப்பேன். வெளிறி உறுதியாக இருந்தால் நல்ல வேர், கறுத்துக் குழைந்ததை வெட்டிவிட வேண்டும். வேர்க்கட்டிக்கு நடுவில் வலைப்பை மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் அதையும் வெட்டி எடுங்கள், அந்தப் பகுதி தனியாக ஈரத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்த புதுக் கலவையில் நட்டு, வேரில் பட்ட காயம் ஆறுவதற்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். அதன்பிறகு முதல் தண்ணீர், அடித் துளையில் ஒழுகும்வரை.